இருபத்திரண்டு பாத்தி, ஒரு நீலச் சட்டை

சூரியன் தானாகவே உதிப்பதாகப் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். பொய். அத்தை எழுந்து, முகம் கழுவி, மோட்டார் ரூம் கதவைத் திறந்த பிறகுதான் அது உதிக்கும். ஒரு தடவை அத்தைக்குக் காய்ச்சல் வந்து ஏழு மணி வரை படுத்துவிட்டாள். அன்று விடியவே இல்லை. தெருவே டார்ச் அடித்துக்கொண்டுதான் பல் தேய்த்தது. அத்தை ஒரு கத்தரிச் செடியை முறைத்தால் சாயங்காலத்துக்குள் பூத்துவிடும். மிளகாய்க்கு முறைப்புகூட வேண்டாம், நிழல் பட்டாலே போதும். வெண்டைக்குத்தான் கொஞ்சம் திமிர், இரண்டு முறை முறைக்க வேண்டும்.

இத்தனை பெரிய ஆள் பார்வைக்கு ஒன்றும் பெரிதாக இருக்கமாட்டாள். நாற்பத்தாறு வயது. ஆம்பளை ரப்பர் செருப்பு, தலையில் ஒரு துண்டு, இடுப்பில் சின்னக் கத்தி. கல்யாணமாகிப் போன வீட்டிலிருந்து எட்டே மாதத்தில் திரும்பி வந்தவள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "அங்க தோட்டம் இல்ல."

வீட்டின் பின்கதவைத் திறந்தால் தோட்டம். இருபத்திரண்டு பாத்தி, ஒரு கிணறு, தகரக் கூரை போட்ட மோட்டார் ரூம். முன்பக்கத்து அறைகளில் அத்தையின் அண்ணனும் அண்ணியும். அண்ணனுக்கு பஜாரில் குழாய்ச் சாமான் கடை. அவர்களுக்கு ஒரே பெண். தெருவில் அதற்குப் பெயர் குட்டிச்சாத்தான். ஹெட்மாஸ்டர் நாற்காலியில் பசை தடவியதற்காகப் பள்ளிக்கூடம் அதை ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பியது. அது அப்படியே இருந்துவிட்டது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

தோட்டம் பெரியவருடையது, அதாவது அத்தையின் அப்பாவுடையது. அவருக்கு அவர் அப்பாவிடமிருந்து வந்தது. அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் "இந்தா, இனிமே இது உன்னோடது" என்று சொன்னதில்லை. ஒருவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுப் போவார், பக்கத்தில் நிற்பவர் எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான் பத்திரப் பதிவு.

பெரியவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் ஒரு குச்சி நட்டிருப்பார். அந்தக் குச்சியில் தன் பழைய நீலச் சட்டையிலிருந்து கிழித்த ஒரு துணி. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு வந்த சீக்கு மண்ணில் பதுங்கி இருந்து அடுத்ததைப் பிடிக்கும். அதனால் இவற்றில் ஒன்றை வைத்த பாத்தியில் நாலு போகம் வேறு ஏதாவதுதான் வைக்க வேண்டும். ஒவ்வொரு போகம் முடிந்ததும் அந்தத் துணியில் பெரியவர் ஒரு முடிச்சுப் போடுவார். நாலு முடிச்சு விழுந்தால் பாத்தி தயார். திரும்ப நட்டால் பழைய துணி போய்ப் புதுத் துணி வரும். நோட்டு இல்லை, கணக்கு இல்லை. முடிச்சை வேறு யாரும் தொடக்கூடாது. பறிக்கலாம், சுமக்கலாம், களை எடுக்கலாம், முடிச்சு மட்டும் அவர் கைதான்.

அத்தை ஒரே ஒரு முறை மீறினாள். இருபது வயதில். பெரியவர் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தார். இருபத்தொன்றாம் பாத்தியில் இரண்டே முடிச்சு. "துணிக்கு என்ன தெரியும்" என்று சொல்லிக்கொண்டு கத்தரி நட்டுவிட்டாள். செடி ஜோராக வந்தது. பூ எடுக்கிற நேரத்தில் ஒருநாள் காலையில் எல்லாம் பச்சை மாறாமலேயே தலையைத் தொங்கப் போட்டிருந்தன. பெரியவர் ஒரு தண்டை அறுத்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அறுத்த முனை தண்ணீருக்குள் இருக்கும்படி பிடித்தார். கொஞ்ச நேரத்தில் தண்டிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது. ஊதுவத்திப் புகை மேலே போவதற்குப் பதிலாகக் கீழே போவதுபோல.

திட்டவில்லை. "பார்த்தியா" என்றார். அந்த டம்ளரைக் கழுவி மோட்டார் ரூம் ஜன்னலில் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் அதை யாரும் எடுக்கவில்லை. அத்தை தினமும் மோட்டார் போடும்போது அது அவளைப் பார்க்கும்.

பெரியவர் போனது உச்சி வெயிலில். தக்காளி விதையைக் குழித்தட்டில் போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. போட்டிருந்த நீலச் சட்டையைக் கழற்றி மோட்டார் ரூம் ஆணியில் மாட்டிவிட்டு ஏழாம் பாத்தித் தலைமாட்டில் உட்கார்ந்தார். மண்வெட்டி மடியில் குறுக்காக இருந்தது. தண்ணீர் பாத்தி நிரம்பி வழிந்து, அவர் காலைச் சுற்றிக்கொண்டு எட்டாம் பாத்திக்குப் போன பிறகுதான் அத்தைக்கு உறைத்தது. அப்பா ஒருநாளும் தண்ணீரை வழிய விட்டதில்லை.

நாலைந்து நாள் வீடு முழுக்க உறவுக்காரர்கள், அவர்கள் பிள்ளைகள். எல்லோரும் கிளம்பிப் போன மறுநாள் அத்தை பின்கதவைத் திறந்தாள். குச்சிகள் நின்றன. துணிகள் இல்லை. இருபத்திரண்டிலும் இல்லை.

பால்காரர் வீட்டு ஆடு தின்றுவிட்டது. அந்த ஆட்டுக்கு அப்படி ஒரு பெயர் உண்டு, ஒருமுறை யாரோ காயப்போட்ட பனியனையே தின்றது.

அத்தை குச்சிகளுக்கு நடுவே நடந்தாள். எந்தப் பாத்தியில் எத்தனை என்று அவளுக்குத் தெரியாது. ஏன் தெரியும்? முடிச்சு அப்பா வேலை. இருபது வயதில் ஒரு முறை கை வைத்ததற்கே டம்ளர் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் அவள் அந்தத் துணிகளை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் அண்ணன் தோட்டத்துக்கு வந்தார். கூடவே தெருக்கோடி லாரிக்காரர். அவர் வரப்பின்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் காலை அகட்டி அகட்டி வைத்து நடந்தார்.

"என்னண்ணா, அவர் என்ன அளக்கிறார்?"

"சும்மாதான். ஆறு லாரி நிக்குமான்னு பாக்கிறார்."

"எங்க நிக்கும்?"

"இங்கதான். நீ ஒருத்தி எத்தனை நாளைக்கு இதைக் கட்டி அழுவ? அப்பா இருந்தார், அவருக்குத் தெரியும். உனக்கு எந்தப் பாத்தியில என்ன வைக்கணும்னாவது தெரியுமா?"

அத்தை வெறும் குச்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். தெரியாது என்பதுதான் பதில்.

அண்ணன் கெட்டவர் இல்லை.  "சரி, அப்பா போட்ட தக்காளி நாத்து இருக்கில்ல. அது நிக்கட்டும். முதல் பறிப்பு வரைக்கும் சாயாம நின்னுச்சுன்னா நான் வாயைத் திறக்கமாட்டேன், தோட்டம் உன்னோடது. சாஞ்சுதுன்னா லாரிக்காரர்கிட்ட பேசிடறேன். நீயும் தடுக்கக்கூடாது."

"சரி" என்றாள் அத்தை.

நாற்றுக்கு அப்போது ஒன்பது நாள். முப்பது நாளுக்குள் நட்டாக வேண்டும். நாலு பாத்தி வேண்டும். இருபத்திரண்டில் எந்த நாலு?

அத்தை ஒரு காரியம் செய்தாள். வெறும் பாத்திகள் எல்லாவற்றுக்கும் தண்ணீர் கட்டினாள். ஒன்றும் விதைக்கவில்லை.

"வெறும் மண்ணுக்குத் தண்ணி பாய்ச்சறா உங்க தங்கச்சி" என்றாள் அண்ணி, முன்வாசலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "துக்கத்துல அப்படித்தான் ஆகும்."

ஆனால் ஒரு வாரத்தில் மண்ணிலிருந்து ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. இரண்டாம் பாத்தியில் யாரும் போடாத தக்காளி முளைத்தது. ஒன்பதில் மிளகாய். பதினேழில் கத்தரி இரண்டே இரண்டு, ஓரமாக, கூப்பிடாத வீட்டுக்கு வந்த மாதிரி கூச்சத்தோடு. போன போகங்களில் உதிர்ந்த பழங்களின் விதைகள். செத்துப்போன பயிர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து, நான் இங்கேதான் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தன. அத்தை குனிந்து குனிந்து பார்த்தாள். இது கிட்டத்து வருடங்களைச் சொல்லும். மூன்று போகமா, நாலு போகமா என்பதைச் சொல்லாது. அந்தப் பழைய விதையெல்லாம் மக்கிப் போயிருக்கும்.

அந்த வாரம்தான் அது ஆரம்பித்தது.

காலையில் முதல் பாத்தித் தலைமாட்டில் ஒரு நீலத் துணி. இரண்டு முடிச்சு.

அத்தை தொடவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். அப்புறம் மோட்டார் ரூமுக்குப் போனாள். ஆணியில் பெரியவர் சட்டை. கீழ் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிந்திருந்தது.

மறுநாள் இரண்டாம் பாத்தியில் ஒரு துணி. முடிச்சே இல்லை. பக்கத்திலேயே அந்தத் தானாக முளைத்த தக்காளி, ஆமாம் என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மறுநாள் மூன்றிலும் நான்கிலும். மூன்றாம் பாத்தியில் நாலு முடிச்சு.

சட்டை நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வந்தது. முதலில் இடுப்பு போனது. அப்புறம் ஒரு கை. ஆணியில் தொங்கிய மனுஷன் கீழேயிருந்து மேலே கரைந்துகொண்டே வருவதுபோல இருந்தது. மத்தியான வேளையில் தகரக் கூரை வெயிலில் டிக் டிக்கென்று விரியும்போது, காற்றே இல்லாமல் மீதிக் கை லேசாக ஆடும். அத்தை அந்த அறைக்குள் மோட்டார் ஸ்விட்சைப் போடும் நேரத்துக்குமேல் நிற்பதில்லை.

முதலில் சந்தேகம் குட்டிச்சாத்தான்மேல்தான் விழுந்தது. எதற்கும் அதன்மேல்தான் விழும். ஆனால் முதல் துணி வந்த அன்று அது டுடோரியலில் பரீட்சை எழுதப் போயிருந்தது. ஆகவே அது இல்லை.

பிறகு அந்தச் செருமல். பெரியவர் மோட்டார் ரூமுக்குள் நுழையுமுன் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். உள்ளே பாம்பு கீம்பு இருந்தால் மரியாதையாகப் போகட்டும் என்று. ஒருநாள் காலையில் அண்ணன் பின்வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் ரூம் பக்கமிருந்து ஹ்ம், ஹ்ம். பிரஷ் கையிலிருந்து சாக்கடையில் விழுந்தது.

அத்தை மோட்டார் போட்டுவிட்டு வரும்போது அவர் வாய் நுரையோடு நின்றார். "நீ கேட்டியா?"

"என்னத்த?"

"அப்பா… செருமினார்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

அண்ணன் அதற்குப் பிறகு வாசல் பக்கக் குழாயில்தான் பல் தேய்த்தார். அண்ணி இரண்டு முறை தனியாகக் கேட்டதாகச் சொன்னாள். அத்தைக்கு மட்டும் அது ஒருநாளும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு வருத்தமாகவும் இருந்தது. எல்லோருக்கும் கேட்கும் அப்பா தனக்கு ஏன் கேட்கவில்லை? இன்னும் அந்த இருபத்தொன்றாம் பாத்திக் கோபமா?

இருபத்தொன்பதாம் நாள் இருபத்திரண்டு குச்சியிலும் துணி இருந்தது. ஆணியில் காலரும் சட்டைப்பையும் மட்டும் மிச்சம். பைக்குள் ஒரு பென்சில் துண்டு. அந்தப் பையை மட்டும் யாரும் தொடவில்லை.

நாலு முடிச்சு இருந்தது நாலு பாத்திகளில்: மூன்று, எட்டு, பதினைந்து, இருபத்தொன்று.

சாயங்காலம் அத்தை குழித்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மூன்றில் நட்டாள். எட்டில் நட்டாள். பதினைந்தில் நட்டாள். இருபத்தொன்றுக்கு வந்து தட்டைக் கீழே வைத்தாள். துணியைக் கையில் எடுத்து ஒவ்வொரு முடிச்சாகக் கட்டைவிரலால் தடவினாள். நாலு. சந்தேகமே இல்லை. குனிந்தவள் அப்படியே நின்றாள், யாரோ காதருகே மூச்சு விட்டதுபோல. பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். மீதி நாற்றைக் காலி பெயிண்ட் டப்பாக்களில் வைத்தாள். இருபத்தொன்றில் பீன்ஸ் போட்டாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அங்கே பெரியவர் வந்து அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும், வேறு காரணம் தெரியவில்லை.

தக்காளி வந்தது. கட்டை விரல் கனத்தில் தண்டு, கரும்பச்சையில் இலை. அத்தை குச்சி கட்டினாள், பக்கக் கிளை கிள்ளினாள், ஒவ்வொரு காலையும் மூன்று பாத்தியையும் ஆஸ்பத்திரி வார்டு சுற்றுவதுபோலச் சுற்றினாள். லாரிக்காரர் வாரம் ஒரு முறை வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "நல்லாத்தான் இருக்கும்மா" என்பார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

நட்ட நாற்பத்தெட்டாம் நாள், உச்சி வெயிலில், எட்டாம் பாத்தியில் ஒரு செடி தலையைத் தொங்கப் போட்டது. பச்சை மாறாமல். பெரியவர் காலைச் சுற்றிய தண்ணீர் போய்ச் சேர்ந்த அதே பாத்தி.

அத்தை செடி பக்கம் போகவில்லை. நேரே மோட்டார் ரூமுக்குப் போய், இருபத்தாறு வருடமாகக் கவிழ்ந்திருந்த டம்ளரை எடுத்தாள். ஜன்னல் கட்டையில் அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம். டம்ளரைக் கழுவினாள், தண்ணீர் பிடித்தாள். தண்டை அறுத்தாள். டம்ளரை மோட்டார் ரூம் வாசல் திட்டின்மேல் வைத்துவிட்டுத் தண்டை மட்டும் பிடித்துக்கொண்டாள். அண்ணன் கடையிலிருந்து சாப்பிட வந்தவர் பின்வாசலில் நின்றுவிட்டார். அண்ணி அவருக்குப் பின்னால். குட்டிச்சாத்தான் கிணற்றடியில் நின்றது. அதன் கண்ணில் தூசி விழுந்திருந்தது.

 தண்ணீருக்குள் தண்டு. அத்தை அதையே பார்த்தாள். ஆணியில் காலர் தொங்கியது. நூல் எப்போது இறங்கும் என்று அந்தக் காலரும் பார்ப்பதுபோல இருந்தது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

அத்தை போய்ச் செடியை வேரோடு பிடுங்கினாள். வேர் இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் இருந்தது. மீதியில் பல் தடம்.

"எலி" என்றாள்.

அண்ணன் மூச்சை விட்டார். "எலிதானா?"

"எலிதான்."

"எலி நல்லது" என்றார் அண்ணன். ஒரு விவசாயியின் மகன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன் வந்ததே இல்லை.

முதல் பறிப்பு அன்று அவர் கடைச் செருப்போடு வரப்பில் இறங்கி மூன்று பாத்தியையும் சுற்றி வந்தார். ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை. "லாரிக்காரர்கிட்ட வேற இடம் பாக்கச் சொல்லிட்டேன்" என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். இந்தா, இனிமேல் உனக்கு என்று அவரும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் சொல்லமாட்டார்கள்.

அத்தையின் கதை இவ்வளவுதான். அப்பா செத்தும் விடாமல் வந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்த தோட்டம், இன்றும் இருபத்திரண்டு பாத்தியோடு இருக்கிறது.

இந்த வரியை எழுதி முடித்தபோது, மோட்டார் ரூம் வாசலில் ஹ்ம், ஹ்ம் என்று யாரோ செருமினார்கள். எழுதிக்கொண்டிருந்த குட்டிச்சாத்தானுக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. பேனா போன இடம் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் அத்தை. ஸ்விட்ச் போட வந்திருந்தாள். தான் செருமினோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"என்னடி எழுதற?"

"ஒண்ணுமில்ல அத்தே."

"குடு."

அத்தை நின்றுகொண்டே படித்தாள். மெதுவாக, ஒரு வரி விடாமல், களை எடுப்பதுபோல.

"எனக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கு விடியலையா? நீ அன்னிக்குப் பத்து மணிக்கு எழுந்த. உனக்கு எப்படித் தெரியும்?"

 அத்தை அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

"ஆடு தின்னுச்சா? ஒரு குச்சியும் சாயாம, ஒவ்வொண்ணா அவுத்துத் தின்னுச்சா? அப்போ பக்கத்து மனையில தண்ணித் தொட்டி உச்சியில, ஏணிக்கு எட்டாம பட்டம் ஒண்ணு மாட்டியிருந்துச்சே, அதுக்கு இருபத்திரண்டு துண்டு நீலத் துணியில வால் கட்டி விட்டது யாரு, அதுவும் ஆடா?"

"பசங்க எல்லாரும் அழுதுட்டிருந்தாங்க அத்தே. பட்டம் விட்டா சிரிப்பாங்கன்னுதான்… அது என்ன துணின்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு தெரியும்." பக்கம் திரும்பியது. "பரீட்சைக்குப் போனியா? அன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"அத்தே…"

"முதல் துணியைப் பாத்தப்பவே தெரியும். அப்பா இடது கைக்காரர். அவர் முடிச்சு இந்தப் பக்கம் சுத்தும். உன்னுது அந்தப் பக்கம்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திடுவ. இருபத்திரண்டும் வந்து சேரட்டும்னு இருந்தேன்."

"நான் தப்பா கட்டியிருந்தா?"

"அந்த ஏணியில உச்சி வெயில்ல உக்காந்து வாலைப் பாத்துப் பாத்து நோட்டுல எழுதினியே. பொறந்ததுலேருந்து நீ நோட்டுல எழுதி நான் பாத்தது அன்னிக்கு ஒருநாள்தான். வரிசையா கட்டினதை வரிசையாத்தான் எழுதியிருப்பேன்னு நம்பினேன். மண்ணுல முளைச்சதோட ஒத்தும் போச்சு." அத்தை ஒரு வரியில் விரல் வைத்தாள். "இங்க பாரு. இருபத்தொண்ணுல அப்பா வந்து என் கையைப் பிடிச்சாராம். யாரும் பிடிக்கல. அதுல மூணுதான். மத்த எல்லாம் மறந்தாலும் நான் கெடுத்த பாத்தி எனக்கு மறக்குமா? இருபத்தாறு வருஷமா அது ஒண்ணைத்தான் நான் எண்ணிட்டிருக்கேன். வால் கட்டறப்போ துணியோட துணி சேத்து நீ போட்ட முடிச்சையும் அதுல சேத்து எண்ணிட்ட."

குட்டிச்சாத்தான் ஜன்னலில் திரும்பவும் கவிழ்ந்திருந்த டம்ளரைப் பார்த்தது. அந்தப் பாத்தியில் மட்டும் நட்டிருந்தால் அதில் வெள்ளை நூல் இறங்கியிருக்கும்.

அத்தை காகிதங்களை மடித்து, ஆணியில் தொங்கிய சட்டைப்பைக்குள் பென்சில் துண்டுக்குப் பக்கத்தில் செருகினாள்.

"கண்ணுல தூசி விழுந்த விஷயத்தை மட்டும் விட்டுடறேன்" என்றாள். "எந்திரி. போகம் முடிஞ்சுது. மூணு, எட்டு, பதினைஞ்சுக்குப் புதுத் துணி. மத்ததுக்கெல்லாம் ஒவ்வொரு முடிச்சு. நீயே போடு. இருபத்தொண்ணுல மட்டும் கை வைக்காத. அங்க இந்தப் போகத்து முடிச்சை நீதான் முன்கூட்டியே போட்டு வச்சிட்டியே."